இருபத்தைந்து டிகிரி உப்புத் தண்ணீர்

முட்டை மிதந்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை.

வகுப்பறையின் நடுவில் இரண்டு வாளிகள். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் உப்பளத்துத் தண்ணீர். கிணற்றுத் தண்ணீரில் போட்ட முட்டை அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. உப்புத் தண்ணீரில் போட்டது பந்து போல மேலே வந்தது. நான் மந்திரவாதி மாதிரி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன். எதிரே இருபத்திரண்டு பெண் பிள்ளைகள். எல்லோரும் வெள்ளைப் பர்தாவுக்குள்ளிருந்து என்னைப் பார்த்த பார்வை, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வராத பஸ்ஸின் பக்கம் பார்க்கும் பார்வை.

"சேர், இது எங்கட ஊட்டுல தொட்டில்ல கிடக்குற புள்ளைக்கும் தெரியும்" என்றது ஒரு குரல். "தண்ணி எத்தின டிகிரி எண்டு கேளுங்க. அதுதான் கேள்வி."

"அப்ப சொல்லுங்க பாப்பம், எத்தின?" என்றேன், தோற்றுப்போனதைக் காட்டிக்கொள்ளாமல்.

பின்வரிசையில் இருந்த ஒருத்தி எழும்பவில்லை. கழுத்தை மட்டும் நீட்டி, முட்டை எவ்வளவு வெளியே தெரிகிறது என்று ஒரு கணம் பார்த்தாள்.

"இருவது. கொஞ்சம் கூடவும் இரிக்கலாம்."

என்னிடம் கண்ணாடி நீரமானி இருந்தது. உப்புத் தண்ணீரின் அடர்த்தி பார்க்கிற கருவி. அடர்த்தி கூடக் கூட உயர்ந்து மிதக்கும். தண்டில் உள்ள கோட்டைப் பார்த்து இத்தனை டிகிரி என்று சொல்லலாம். பாடசாலையின் நீரமானி எப்போதோ உடைந்து அலுமாரிக்குள் பஞ்சில் கிடந்ததால், ஓர் உப்பள முதலாளியிடம் இரவல் வாங்கி வந்திருந்தேன். அதை வாளிக்குள் விட்டுக் குனிந்து பார்த்தேன். இருபதரை.

நான் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் இருந்து விஞ்ஞானம் படித்தவன். அந்த நான்கு வருடத்தில் ஒரு முட்டையைப் பார்த்து எந்த எண்ணையும் நான் சொன்னதில்லை. அதன் விலையைக்கூடச் சரியாகச் சொன்னதில்லை என்பாள் என் மனைவி.

பெண் பிள்ளைகளை விஞ்ஞானத் துறைகளுக்குக் கொண்டுவர, அவர்களே கையால் செய்து பார்க்கும் செயலமர்வுகள் நடத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ஐந்து சனிக்கிழமைகள், கடைசிச் சனிக்கிழமை பெற்றாருக்குக் கண்காட்சி. எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்க இரண்டு பேர்தான். மற்ற டீச்சர் பிரசவ விடுமுறையில் நின்றார். மிஞ்சியது நான். அதிபர் மெடம் கடிதத்தை என் கையில் தந்தபோது, "மெடம், பெண் பிள்ளைகளுக்கு முன்மாதிரி எண்டு போட்டிரிக்கு. என்னப் பாருங்க" என்று என் மீசையையும் வயிற்றையும் காட்டினேன். "ஒங்களப் பாத்தாவது வேற மாதிரி வரணும் எண்டு நினைப்பாங்க" என்றார் அவர்.

அந்தப் பின்வரிசைப் பிள்ளையை எனக்கு முன்பே தெரியும். பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் முடிவு வந்தபோது விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் ஏ எடுத்தவள் அவள் ஒருத்திதான். எங்கள் பாடசாலையில் அடுத்த படியான உயர்தரத்துக்குக் கலைப் பிரிவு மட்டும்தான் உண்டு. விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் தினமும் புத்தளத்துக்கு பஸ்ஸில் போக வேண்டும். அதற்கான விண்ணப்பப் படிவத்தை நானே நிரப்பி வைத்திருந்தேன். ஓர் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது: தந்தையின் கையொப்பம். கண்காட்சிக்கு அடுத்த திங்கட்கிழமை கடைசி நாள்.

அவளுடைய வாப்பா ஏரிக்கரையில் உள்ள ஓர் உப்பளத்தில் வேலை செய்பவர். எனக்கு நீரமானி தந்த அதே முதலாளியின் உப்பளம். எந்தப் பாத்தியின் தண்ணீரை எப்போது அடுத்த பாத்திக்குத் திறந்துவிடுவது என்று சொல்வது அவருடைய வேலை. தண்ணீர் இருபத்தைந்து டிகிரியைத் தொடும்போதுதான் நல்ல உப்பு இறங்கத் தொடங்கும். அதற்கு முன்பே உப்புப் பாத்திக்கு விட்டால் சுண்ணாம்புக் கசடும் கூடவே வரும். முப்பதுக்குக் கிட்டப் போகும்வரை மறந்துபோய் விட்டால் உப்பு கசக்கும். ஒவ்வொரு பாத்திக்கும் தினமும் காலையில் டிகிரி பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். பிள்ளையின் உம்மா குவைத்தில். வீட்டில் வாப்பாவும் மகளும் மட்டும்.

'நானா, நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டு மூன்று தடவை அவரிடம் போனேன். மூன்று தடவையும் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, "யோசிப்பம் சேர்" என்றார். நான் சும்மா வருவேனா? பள்ளிவாசலில் ஏறாத குறையாக ஒரு பயானே, பிரசங்கமே செய்தேன். பெண் கல்வி, காலம், உலகம், விண்வெளி என்று எங்கெல்லாமோ போய் வந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். சரி, இந்த மனுசனுக்கு மகளைப் பட்டணத்துக்கு அனுப்ப மனமில்லை, என் மூஞ்சியைப் பார்க்கவும் வெறுப்பு என்று முடிவு செய்துகொண்டேன். நான் நான்கு வயதில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இங்கே எனக்குப் பெயர் 'மன்னார் சேர்'. ஒருவேளை அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்றும் நினைத்தேன். காரணம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன். எல்லாம் பிழையான காரணங்கள்.

செயலமர்வு ஒவ்வொரு சனியும் எனக்கு அதிர்ச்சி வைத்தியம்தான். இரண்டாவது சனி, ஸ்ட்ரோவின் அடியில் மெழுகால் அடைத்து, உள்ளே பாரம் போட்டு, ஆளுக்கொரு நீரமானி செய்தோம். பாரத்துக்கு நான் ஆணி கொண்டு போயிருந்தேன். மீனவர் ஊரான கண்டக்குழியிலிருந்து வரும் மூன்று பிள்ளைகள் என் ஆணியைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். "சேர், ஆணி சரிஞ்சு நிக்கும்" என்று சொல்லி, பையிலிருந்து வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகளை எடுத்து எல்லோருக்கும் பங்கிட்டார்கள். அவர்களுடைய ஸ்ட்ரோக்கள் எல்லாம் கம்பம் போல நேராக நின்றன. ஆணி போட்ட என் ஸ்ட்ரோ களைத்துப்போன ஆள் மதிலில் சாய்வது போல கண்ணாடி முகவையின் ஓரத்தில் சாய்ந்தது. அன்று முழுக்க அதற்குப் பெயர் 'சேர்ட ஸ்ட்ரோ'.

மூன்றாவது சனி, ஓர் ஆய்வுகூடத்தில் உப்பின் தரம் பார்க்கும் இளம் பெண் ஒருத்தி வந்தாள். தன் வேலையைப் பற்றிச் சொன்னாள், உப்பில் அயடின் இருக்கிறதா என்று நிறம் மாற்றிக் காட்டினாள், கேள்வி இருந்தால் கேட்கச் சொன்னாள். என்ன படிக்க வேண்டும், எத்தனை வருடம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். கடைசியாக நம்முடைய பிள்ளை கையை உயர்த்தினாள்.

"மிஸ், வேல எத்தின மணிக்குத் தொடங்கும்?"

வகுப்பே சிரித்தது. "எட்டரைக்கு" என்றாள் அந்தப் பெண்.

"எட்டரைக்கெண்டா சரி" என்று நிம்மதியாக உட்கார்ந்தாள் அவள்.

நான் விடுவேனா? "இவக்கு விஞ்ஞானி ஆகவும் விருப்பம், நித்திரைய விடவும் ஏலாது!" என்றேன். மறுபடி சிரிப்பு. அவளும் சிரித்தாள். பத்தாம் வகுப்பிலிருந்தே அவள் பிந்தி வருகிறவள். வாரத்தில் இரண்டு நாளாவது முதல் பாடம் தொடங்கிய பிறகு, சப்பாத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்க, கதவடியில் வந்து நிற்பாள். "வாங்க உப்பு மூட்டை" என்று வரவேற்று, ஐந்து நிமிடம் வெளியே நிறுத்தி வைத்துத்தான் உள்ளே எடுப்பேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கதையில் நான் நல்லவனாகிவிடுவேன்.

கடைசிச் சனிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைகள் எனக்கு வருவதில்லை, வருகிறவை எல்லாம் விளையாட்டுப் புத்தியில் இருந்து வருகிறவை. கண்காட்சிக்கு விசேட விருந்தாளியாக அந்த முதலாளியைக் கூப்பிடுவது. கருவி தந்தவர், கூப்பிடத்தானே வேண்டும். அவர் வந்தால் தன் ஆளையும் கூட்டி வருவார். மேடையில் மூன்று அளவுச்சாடிகளில் மூன்று விதமான உப்புத் தண்ணீர் வைப்பது. பிள்ளைகளின் ஸ்ட்ரோ சொன்ன எண் சரியா என்று பார்க்க, எல்லோருக்கும் முன்னால் அந்த வாப்பாவை மேடைக்குக் கூப்பிடுவது. அவர் கண்ணாடி நீரமானியில் பார்த்துச் சரி என்பார், எல்லோரும் கைதட்டுவார்கள், அந்தக் கைதட்டலின் சூட்டோடு படிவத்தையும் பேனையையும் நீட்டுவது. முதலாளி, அதிபர், ஊர்ச் சனம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க எந்த வாப்பா 'யோசிப்பம்' என்பார்?

வெள்ளிக்கிழமை பிள்ளையிடம் சாடிகளைத் தயார் பண்ணச் சொன்னேன். இடமிருந்து வலமாகப் பதினேழு, இருபத்தொன்று, இருபத்தைந்து.

"நாளைக்கு இத ஆரு பாக்குற சேர்?"

"ஒங்கட வாப்பாதான்."

அவள் கையில் இருந்த சாடியை மேசையில் வைத்தாள். "வாப்பா வரமாட்டாங்க சேர்."

"முதலாளி கூட்டிட்டு வாறாரு."

"சேர், வாப்பாவ மேடைக்கு எடுக்காதீங்க. அவங்களுக்குக் கூச்சம்."

"எனக்கும்தான் கூச்சம். மைக் கையில வந்தா போயிரும்" என்றேன்.

அவள் சாடிகளை மறுபடி வரிசையாக வைத்து, நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் முதலாளி, வெள்ளைச் சேர்ட்டும் சாரமுமாக. அவருக்குப் பின்னால் பிள்ளையின் வாப்பா. நிகழ்ச்சி தொடங்க முன்பு மேடையில் தனியாக நின்றபோது என் விளையாட்டுப் புத்தி கடைசியாக ஒரு தடவை தலையைத் தூக்கியது. முதலாவது சாடியையும் மூன்றாவது சாடியையும் இடம் மாற்றி வைத்தேன். பிள்ளைகள் எழுதி ஒட்டிய எண் ஒன்று சொல்லும், அவர் வேறொன்று சொல்வார். 'பாத்தீங்களா, ஆள் அனுபவசாலி, என் குறும்பைக் கண்டுபிடிச்சிட்டாரு!' என்று நான் முழங்கலாம். கைதட்டல் இரண்டு மடங்காகும். என் கணக்கு அவ்வளவுதான்.

மைக்கைப் பிடித்து, "இப்ப நம்மட பரிசோதனைய சரிபாக்க ஒரு நிபுணர் வாறாரு!" என்று அவரைக் கூப்பிட்டேன். அவர் எழும்பவில்லை. முதலாளி திரும்பி, "போங்களேன்" என்றார். எழும்பி, கதிரைகளைத் தொட்டுத் தொட்டு மெதுவாக வந்தார். படியில் கால் தடுக்கியது. சனத்துக்கு முன்னால் வருகிற பயம் என்று நினைத்து, கையைப் பிடித்து ஏற்றினேன்.

முதலாவது சாடிக்குள் நீரமானியை விட்டார். அதில் கை பழகியிருந்தது. கண்ணாடி சுவரில் முட்டவில்லை. குனிந்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். நிமிர்ந்தார்.

"பதினேழு."

இருபத்தைந்து டிகிரித் தண்ணீர் அது. நீரமானி அரைச் சாண் உயரத்துக்கு எழும்பி நின்றது.

"நானா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றேன், மைக்கில், சிரித்துக்கொண்டே.

"பதினேழு சேர். அடுத்தது இருவத்தொண்டு. மத்தது இருவத்தஞ்சு."

அடுத்த இரண்டு சாடிகளுக்கும் அவர் நீரமானியை விடவே இல்லை. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். நானும் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். முகம் சிரிப்பை நிறுத்த மறந்துவிட்டது.  அவர் நான் இடம் மாற்றுவதற்கு முன்னிருந்த வரிசையைச் சொல்கிறார். யாரோ சொல்லிக்கொடுத்த வரிசை.

அவருக்கும் ஏதோ பிழைத்துவிட்டது என்று விளங்கியிருக்க வேண்டும். முதலாவது சாடிக்குள் விரலை விட்டார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார், நாக்கில் வைத்தார். மூன்றாவதையும் அப்படியே செய்தார். மைக் கிட்ட இருந்ததால் அவர் மெதுவாகச் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இது இருவத்தஞ்சு. அது பதினேழு. ஆரோ மாத்தி வெச்சிரிக்கீங்க."

சிரிப்பு நின்றது. பிள்ளை மேடைக்கு ஓடி வந்தாள். நீரமானியை எடுத்துச் சாடிக்குள் விட்டு, முழங்காலில் இருந்து, சத்தமாக வாசித்தாள். "இருவத்தஞ்சு." அடுத்தது. "இருவத்தொண்டு." அடுத்தது. "பதினேழு." பிறகு என்னைப் பார்த்தாள். என்னைத் தாண்டி முதல் வரிசையைப் பார்த்தாள்.

"வாப்பாவுக்குக் கண் சரியாத் தெரியாது. ரெண்டு வருசமா நான்தான் பாக்குறன். ஒரு நாளும் பிழ விடல்ல."

முதலாளி எழும்பினார். மண்டபத்தை விட்டு வெளியே போனார். நான் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றேன். நாற்பது வயதுக்குள் எத்தனையோ தடவை சபையில் அசடு வழிந்திருக்கிறேன். அது எனக்குத் தொழில் மாதிரி. ஆனால் மைக்கைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றது அதுதான் முதல் தடவை. அதிபர் மெடம் வந்து என் கையிலிருந்து மைக்கைப் பிரித்தெடுத்து, தேத்தண்ணி தயார் என்று அறிவித்தார்.

வீட்டில் என் மனைவி முழுக் கதையையும் கேட்டாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. "மைக்கக் கண்டா ஒங்களுக்கு ஜின் புடிச்ச மாதிரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, "விடிஞ்சதும் போய் அந்த மனுசன்ட முகத்தப் பாருங்க" என்றாள்.

ஞாயிறு விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு உப்பளத்துக்குப் போனேன். பை நிறையப் படிவம், வாய் நிறையப் பேசத் தெரியாத மன்னிப்பு. கரையில் இருவரும் நின்றார்கள். மகள் பாத்தி ஓரத்தில் குந்தியிருந்து எண்ணைச் சொன்னாள், பிறகு அவளே எழுதினாள். வாப்பா அடுத்த பாத்தியின் தண்ணீர் தடுக்கும் பலகையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்றும் போல. ஒன்றும் நடக்காதது போல. அதுதான் எனக்கு அடியாக விழுந்தது.

"நானா, நான்..."

"இருங்க சேர். கதிரதான் இல்ல" என்றார். அப்போதும் என் தோளுக்குப் பின்னால்தான் பார்த்தார். கிட்ட நின்று பார்த்தேன். இரண்டு கருமணியிலும் பால் கலந்தது போல வெள்ளை.

"ஆஸ்பத்திரிக்குக் காட்டல்லயா?"

"காட்டினா ஒப்பரேசன் எண்டுவாங்க. ஒப்பரேசன் எண்டா ஒரு மாசம் கரைக்கு வரேலா. அந்த ஒரு மாசம் வேற ஆள் நிப்பான். நிண்டவனே பிறகும் நிப்பான்."

"நாக்கால பாத்து நேத்து சரியாச் சொன்னீங்களே?"

"பதினேழையும் இருவத்தஞ்சையும் நாக்கு சொல்லும் சேர். இருவத்தி மூணையும் இருவத்தஞ்சையும் சொல்லாது. அந்த ரெண்டு டிகிரியிலதான் உப்பு இரிக்கு."

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். "புள்ளய அனுப்ப எனக்கு ஆசையில்லாமலா? புத்தளம் பஸ் ஆறேகாலுக்கு வரும். வெளிச்சம் வந்தாத்தான் கோடு தெரியும். வெளிச்சம் வாற நேரம் பஸ்ஸும் வரும். நீங்க வந்து பொம்புளப் புள்ள படிக்கணும், படிக்கணும் எண்டு சொல்லுறீங்க. நான் என்ன, வேணாம் எண்டா சொன்னேன்?"

அவர் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று தடவை வந்து விண்வெளிவரை போனவன், ஒரு தடவையாவது 'ஏன்' என்று கேட்டிருக்கலாம். பரிசோதனை செய்ய முன்பு முடிவை எழுதாதீர்கள் என்று வருடம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன் நான்.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. முதலாளி. பிள்ளை புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவர் நேரே என்னிடம்தான் வந்தார்.

"என்ன சேர், மைக் கொண்டு வரல்லயா?"

தலையைக் குனிந்தேன்.

"எனக்குத் தெரியாதெண்டா நினைச்சீங்க?" அவர் பிள்ளையிடம் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். பழைய பக்கங்களை விரித்துக் காட்டினார். கோழி கிண்டினது போல எழுத்து. பிறகு புதிய பக்கங்கள், அச்சடித்தது போல. "ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒரு நாள் விடிய எழுத்து மாறிச்சு. நான் கண் தெரிஞ்ச ஆள். எண் சரியா இரிந்திச்சு, உப்பு நல்லா இரிந்திச்சு, நான் வாய மூடிட்டு இரிந்தேன். எனக்குத் தெரியும் எண்டு இவருக்குத் தெரியாது. அதக் காட்டாம இரிக்கத்தான் நேத்து மேடைக்கும் போகச் சொன்னேன். தெரியாம இரிக்கிற வரைக்கும் எல்லாருக்கும் சுகம். இப்ப ஊர் முழுக்கத் தெரியும். கண் தெரியாத ஆள வெச்சு உப்பு எடுக்குறேன் எண்டு வாங்குறவன் கேப்பான். இப்ப நான் என்ன செய்யிற, சொல்லுங்க?"

வாப்பா பலகையைப் பிடித்துக்கொண்டார். முதலாளிக்குத் தெரியும் என்பது அவருக்கு முந்திய நாளை விடப் பெரிய அதிர்ச்சி.  இரண்டு பேரும் இரண்டு வருடம் ஒருவருக்கொருவர் மறைத்துக் காப்பாற்றி வந்த ஒன்றை, கைதட்டலுக்கு ஆசைப்பட்ட நான் ஒரு நிமிடத்தில் உடைத்திருந்தேன்.

"இவருக்கு ஒப்பரேசன் முடியிற வரைக்கும் டிகிரி பாக்க ஒராள் வேணும்" என்றார் முதலாளி. "புள்ள படிக்கப் போகட்டும், நான் குறுக்க நிக்கல்ல. ஆனா ஆள் வேணும். வேற ஆளப் போட்டா இவருக்கு மனசு வராது. எனக்கும் வராது."

"நான் பாக்குறன்" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. மற்ற மூவரையும் விட நான்தான் அதிகம் திடுக்கிட்டேன். சுபஹுக்குப் பிறகு ஒரு குட்டி நித்திரை இல்லாமல் பாடசாலைக்குப் போனவன் அல்ல நான்.

"நீங்களா?" என்றார் முதலாளி, என்னை மேலிருந்து கீழே பார்த்து. வயிற்றில் கொஞ்சம் தங்கித்தான் கீழே போனது பார்வை.

"விஞ்ஞான சேர்தானே" என்றேன்.

பிள்ளை அப்போதுதான் சிரித்தாள். சிரித்துவிட்டு வாப்பாவைப் பார்த்தாள். அவர் பலகையிலிருந்து கையை எடுத்துச் சாரத்தில் துடைத்தார். நான் படிவத்தை என் பையின் மேல் விரித்து, ஒப்பம் வைக்கும் இடத்தில் விரலை வைத்தேன். "இதிலயா?" என்று கேட்டு, என் விரலைத் தடவி, அதிலிருந்து எழுதத் தொடங்கினார். பாதி ஒப்பம் படிவத்திலும் பாதி என் நகத்திலும் விழுந்தது. திங்கட்கிழமை புத்தளத்துப் பாடசாலை அலுவலகத்தில் அதைப் பார்த்த எழுதுவினைஞர், "இது என்ன ஒப்பம்?" என்று கேட்டார். "முழுசா வேணுமெண்டா" என்று விரலை நீட்டினேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் முத்திரை குத்தினார்.

கண் ஆஸ்பத்திரியில் நாள் கிடைக்க மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அவள் புத்தளத்துக்குப் போகத் தொடங்கிய முதல் திங்கட்கிழமையே நான் கரையில் நின்றேன். ஆறேகால் பஸ் வீதியில் போகும்போது, ஜன்னலில் ஒரு வெள்ளைப் பர்தா எட்டிப் பார்த்தது. நான் நீரமானியைத் தூக்கிக் காட்டினேன். "சேர், அதக் கீழ போட்டுராதீங்க!" என்று வாப்பா கத்தினார். கண் தெரியாதவருக்கு அது மட்டும் எப்படித் தெரிந்ததோ.

ஐந்து நாளும் பார்த்தேன், ஐந்து நாளும் எழுதினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் வாப்பா, "நிச்சயமா சேர்?" என்பார். "நிச்சயம் நானா" என்பேன், பட்டதாரித் தோரணையில். அவர் விரலால் தொட்டுப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "ரெண்டு நாள் பொறுப்பம்" என்று பலகையைத் திறக்காமல் விட்டார். என் மேல் நம்பிக்கையில்லையோ என்று உள்ளுக்குள் கொஞ்சம் மனத்தாங்கல்.

சனிக்கிழமை பிள்ளை வந்தாள். தானே ஒரு தடவை எல்லாப் பாத்தியையும் பார்த்தாள். பிறகு வரம்பில் இருந்து, புதிய பாடசாலையின் வரைபுத் தாள் ஒன்றை முழங்காலில் விரித்து, போன வாரத்து எண்களையும் என்னுடைய ஐந்து எண்களையும் தன்னுடைய அன்றைய எண்ணையும் புள்ளி புள்ளியாகக் குறித்தாள். நான் பின்னால் நின்று பார்த்தேன். அவளுடைய புள்ளிகள் ஒரே கோட்டில் ஏறிக்கொண்டு போயின. என்னுடைய ஐந்தும், அதே சாய்வில், ஆனால் கொஞ்சம் கீழே, சொல்லி வைத்தது போல வரிசையாக நின்றன.

"சேர், தண்ணி பிழையெண்டா புள்ளி அங்கயும் இங்கயும் இரிக்கும். இது எல்லாம் ஒரே அளவு கீழ இரிக்கு." அவள் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். "அப்ப பிழ தண்ணியில இல்ல. பாக்குற ஆளில."

 எனக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் படிப்பித்த பாடம் அது. வாப்பா வரம்பில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"எப்பிடிப் பாத்தீங்க, காட்டுங்க" என்றாள்.

காட்டினேன். நின்றபடி, முதுகை வளைத்து, மேலிருந்து. தண்ணீர் கண்ணாடித் தண்டைப் பிடித்துக்கொண்டு ஏறி நிற்கும் அந்தச் சின்ன விளிம்பைத்தான் ஐந்து நாளும் வாசித்திருக்கிறேன். கண் தண்ணீர் மட்டத்துக்கு வர வேண்டும், விளிம்பை விட்டுவிட்டு மட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று பத்தாம் வகுப்பில் அவளுக்குப் படிப்பித்தவன் நான்தான். குந்தியிருந்து பார்க்க வயிறு விடவில்லை, அதுதான் உண்மை.

"குந்துங்க சேர்" என்றாள்.

குந்தினேன். முழங்கால் இரண்டும் முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

"எத்தின?"

"இருவத்தஞ்சு" என்றேன்.

வாப்பா பலகையைத் திறந்தார். தண்ணீர் அடுத்த பாத்திக்கு ஓடத் தொடங்கியது. நான் எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் வாப்பா ஒரு கையையும் மகள் ஒரு கையையும் பிடித்து இழுத்துத்தான் என்னை எழுப்பினார்கள்.